சட்டசபை முடிந்து எம்.எல்.ஏ. வருகிறார்: என்ன கேட்கலாம்?

சட்டசபைக் கூட்டத் தொடர் முடிந்துவிட்டால் பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த பேட்டைகளில் ஒரு சுறுசுறுப்பு உண்டாகும். ஸ்ரீராமபுரமோ அல்சூரோ, ஆஸ்டின் டவுனோ லிங்கராஜபுரமோ, தெரு முனையில் ஷாமியானா போடுவார்கள். நாற்காலிகள் வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை என்பதால் ஷிப்டு முடிந்தவர்களும், ஆபீஸ் விடுமுறையில் இருக்கும் குமாஸ்தாக்களும், பெண்களும் வந்து உட்காருவார்கள். மாலை, சால்வை எல்லாம் முடிந்த பிறகு எம்.எல்.ஏ. மைக்கைப் பிடிப்பார்.

"உங்களுக்காக சட்டசபையில் குரல் கொடுத்தேன்" என்று ஆரம்பிப்பார். பாதி கன்னடம், பாதி தமிழ். கைதட்டல் எழும்பும்.

பெரும்பாலும் அந்தக் கைதட்டலோடு கூட்டமும் முடிந்துவிடுகிறது.

குரல் கொடுத்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சட்டசபையில் குரல் கொடுப்பதற்குப் பல வழிகள் உண்டு. எல்லா வழிகளுக்கும் ஒரே பலன் கிடையாது. அவர் எந்த வழியில் குரல் கொடுத்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்களுக்குத்தான் அந்தக் கூட்டத்தால் லாபம்.

கேள்வி நேரம்

சபை கூடியதும் கேள்வி நேரம். உறுப்பினர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விக்கு சம்பந்தப்பட்ட மந்திரி பதில் சொல்லியாக வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்வார். அந்தப் பதிலில் திருப்தி இல்லாவிட்டால் உறுப்பினர் துணைக் கேள்வி போடலாம். மந்திரியை மடக்குவதற்கு அதுதான் இடம். நட்சத்திரக் குறி இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். ஆனால் அந்த எழுத்தையும் இலேசாக நினைக்கக் கூடாது. மந்திரியின் பதில் என்பது அரசாங்கமே ஒப்புக்கொண்ட விவரம். பிறகு எந்த ஆபீசுக்குப் போனாலும் அதை மேஜைமீது வைத்துப் பேசலாம்.

கேள்வி நேரத்துக்குப் பிறகு வருவது பூஜ்ய நேரம். எம்.எல்.ஏ. எழுந்து தொகுதிப் பிரச்சினையைப் பேசுவார். மறுநாள் பத்திரிகையில் இரண்டு வரி வரும். ஆனால் அங்கே உடனே பதில் சொல்லும் கட்டாயம் மந்திரிக்கு இல்லை. கவன ஈர்ப்புத் தீர்மானம் என்றால் கதை வேறு. அதற்கு மந்திரி விளக்கம் தர வேண்டும். "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று மந்திரி சபையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது வாக்குறுதி ஆகிறது. அதைக் கண்காணிப்பதற்கென்றே சட்டசபையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒரு குழு இருக்கிறது. மந்திரி சபையில் சொன்னது நடந்ததா, நடக்கவில்லை என்றால் ஏன் என்று இலாகா அதிகாரிகளை அழைத்துக் கேட்பது அந்தக் குழுவின் வேலை.

ஆகவே, "குரல் கொடுத்தேன்" என்று எம்.எல்.ஏ. சொன்னால், "எந்தத் தேதியில், கேள்வியாகக் கேட்டீர்களா, பூஜ்ய நேரத்தில் பேசினீர்களா, மந்திரி என்ன பதில் சொன்னார்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. உண்மையாகவே உழைத்த எம்.எல்.ஏ. இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்; கையில் பதிலின் நகலும் வைத்திருப்பார்.

யார் நிலம்?

இப்படிப்பட்ட கூட்டங்களில் தவறாமல் எழும் ஒரு குரல் உண்டு. முன் வரிசையில் இருந்து ஒரு பெரியம்மா எழுந்து நிற்பார்.

"ஸார், முப்பது வருஷமா இருக்கோம். ஹக்குப் பத்ரா எப்ப ஸார் குடுப்பீங்க?"

"அம்மா, அசெம்ப்ளியில கேட்டிருக்கேன்மா. கண்டிப்பா வரும். நீங்க உக்காருங்கம்மா."

பெரியம்மா உட்கார்ந்துவிடுவார். அவருக்கு வேண்டியது அந்த வீட்டு மனைக்கான உரிமைப் பத்திரம். அது கையில் இல்லாவிட்டால் நாளைக்கு யார் வந்து "காலி செய்" என்றாலும் காட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. "அந்த நிலம் யாருடையது என்று மந்திரி சொன்னார்?"

கர்நாடகத்தில் குடிசைப் பகுதிகளுக்கென்று 1973-ல் ஒரு சட்டம் வந்தது. 1975-ல் குடிசைப் பகுதி வாரியம் ஏற்பட்டது. ஒரு பகுதியை குடிசைப் பகுதி என்று அரசாங்கம் சட்டப்படி அறிவித்தால்தான் வாரியம் அதில் முழுமையாக இறங்க முடியும். அறிவிப்பு வராத பகுதியாக இருந்தால் முதலில் அறிவிப்பு வர வேண்டும். மாநில அரசு நிலமாக இருந்தால் ஒரு வழி, மாநகராட்சி நிலம் என்றால் இன்னொரு வழி, தனியார் நிலம் என்றால் வழக்கு வம்பு வேறு. ரயில்வே நிலமாகவோ ராணுவ நிலமாகவோ இருந்துவிட்டால் அது மத்திய அரசின் சொத்து. மாநில மந்திரி பத்திரம் எழுதிக் கொடுக்க முடியாது. எம்.எல்.ஏ. நூறு முறை கேட்டாலும் பதில் "மத்திய அரசுக்கு எழுதியிருக்கிறோம்" என்பதுதான்.

பெங்களூரில் ரயில் பாதையை ஒட்டியும், கன்டோன்மென்ட் பக்கத்திலும் காலம் காலமாகக் குடியிருப்பவர்கள் ஏராளம். பாதை போட்டவர்களும் பட்டாளத்துக்கு வேலை செய்தவர்களும் அங்கேயே தங்கினார்கள். அவர்களுக்கு இந்த வித்தியாசம் வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. யாரிடம் மனு கொடுப்பது, எம்.எல்.ஏ.விடமா எம்.பி.யிடமா என்பதே இதில்தான் இருக்கிறது.

12 மணி நேர மசோதா

எம்.எல்.ஏ. சொல்வதைவிட, சொல்லாமல் விடுவது சில சமயம் பெரிதாக இருக்கும். அதற்கு 2023-ஆம் ஆண்டு நல்ல உதாரணம்.

அந்த ஆண்டு பிப்ரவரி கூட்டத் தொடரில் கர்நாடக சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தைக் கர்நாடகத்தின் அளவில் திருத்தும் மசோதா. அந்தச் சட்டப்படி தொழிலாளியின் ஒரு நாள் வேலை 9 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. வாரத்துக்கு 48 மணி. திருத்தம் என்ன சொன்னது என்றால், வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு இருக்கட்டும், ஆனால் ஒரு நாள் வேலையை இடைவேளை உள்பட 12 மணி வரை நீட்ட அரசாங்கம் அனுமதிக்கலாம், தொழிலாளி எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும் என்றது. மிகுதி நேர வேலைக்கான வரம்பும் உயர்ந்தது. பெண்களை இரவு ஷிப்டில் வேலைக்கு வைக்கவும், பாதுகாப்பு நிபந்தனைகளோடு வழி விட்டது.

வாரத்தில் நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் மிஷின் முன்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியும், 12 மணி நேரம் நிற்பது என்றால் என்னவென்று. ஒசூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவருக்குப் போக வர இரண்டு மூன்று மணி போய்விடும். வீட்டில் தூங்கத்தான் நேரம் மிஞ்சும். கார்மென்ட் பாக்டரிக்குப் போகும் பெண்ணுக்கு அதுவும் மிஞ்சாது. சமையல் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். "எழுத்து மூலம் சம்மதம்" என்பதற்குக் காண்டிராக்டில் இருக்கும் தொழிலாளியிடம் என்ன அர்த்தம் இருக்க முடியும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. கையெழுத்துப் போடாதவருக்கு மறுநாள் கேட்டில் என்ன பதில் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இருந்தாலும் மசோதா அதே கூட்டத் தொடரில் இரண்டு சபைகளிலும் நிறைவேறியது. அந்த ஆண்டே சட்டமும் ஆனது. சில மாதங்களில் தேர்தல் வரவிருந்த நேரம் அது. பெரிய பெரிய பிரச்சினைகள் மேடையில் முழங்கின. இந்த மசோதா தெருமுனைக் கூட்டங்களில் பேசப்படும் விஷயமாக ஆகவில்லை.

இரண்டே மாதத்தில் தமிழ்நாட்டில் இதே மாதிரி ஒரு மசோதா வந்தது. அங்கே நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

2023 ஏப்ரல் 21-ந் தேதி சென்னையில் சட்டசபையில் அந்த மசோதா நிறைவேறியது. ஆளும் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது. ஆகவே நிறைவேறுவதில் சிரமம் இல்லை. ஆனால் ஆளும் கட்சியோடு கூட்டணியில் இருந்த கட்சிகளின் உறுப்பினர்களே எதிர்த்துப் பேசி வெளிநடப்புச் செய்தார்கள். அவர்கள் வெளியே வந்து பேசியது அன்று இரவே ஊர் முழுவதும் பரவியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஏப்ரல் 24-ந் தேதி அரசாங்கம் சங்கங்களை அழைத்துப் பேசி, மசோதாவை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. மே தினத்தன்று முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் மசோதாவை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்.

ஏறத்தாழ ஒரே மாதிரி மசோதா. ஒரு மாநிலத்தில் சட்டம் ஆகிவிட்டது. இன்னொரு மாநிலத்தில் பத்தே நாளில் வாபஸ் ஆனது. சபைக்குள் ஓட்டு எண்ணிக்கையால் இந்த வித்தியாசம் வரவில்லை. இரண்டு இடத்திலும் ஆளும் தரப்பே ஜெயித்தது. என்ன நடக்கிறது என்பது உரிய நேரத்தில் தொழிலாளியின் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் வித்தியாசம். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் எம்.எல்.ஏ.வுக்குப் பெரிய பங்கு உண்டு.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் திருப்பத்தூரிலும் இருந்து வந்து பெங்களூரில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரில் இருக்கும் தம்பிக்கு ரத்தான விஷயம், இங்கே இருக்கும் அண்ணனுக்குச் சட்டமாக நின்றது.

குரல் ஓட்டு

"அந்த மசோதாவுக்கு நீங்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டீர்கள்?" என்று கேட்டால் எம்.எல்.ஏ. சங்கடப்படலாம். அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பெரும்பாலான மசோதாக்கள் குரல் ஓட்டில் நிறைவேறுகின்றன. சபாநாயகர் "ஆதரிப்பவர்கள்", "எதிர்ப்பவர்கள்" என்று கேட்பார். இரண்டு பக்கமும் சத்தம் எழும். எந்தப் பக்கம் அதிகம் என்று சபாநாயகர் தீர்மானித்து அறிவிப்பார். யாராவது வற்புறுத்தி எண்ணிக்கை கேட்டால்தான் தலைகள் எண்ணப்படும். ஆகவே யார் எந்தப் பக்கம் என்பதற்குப் பதிவே இருக்காது.

போதாததற்கு, 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கட்சிக் கொறடா உத்தரவு போட்டுவிட்டால் அதை மீறி ஓட்டுப் போடுகிறவரின் பதவியே போகலாம். கட்சி மாறிப் பணம் பண்ணுவதைத் தடுக்க வந்த சட்டம்தான். ஆனால் அதனால் நல்ல உறுப்பினரும் மனச்சாட்சிப்படி ஓட்டுப் போட முடியாமல் ஆகிவிட்டது.

ஓட்டைப் பற்றிக் கேட்க முடியாவிட்டாலும், பேச்சைப் பற்றிக் கேட்கலாம். மசோதா மீது விவாதம் நடந்தபோது அவர் சபையில் இருந்தாரா, வாய் திறந்தாரா, என்ன திருத்தம் சொன்னார் என்பதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும். ஆளும் கட்சி எம்.எல்.ஏ. ஆனாலும் திருத்தம் சொல்லலாம், சந்தேகம் கேட்கலாம். யாரும் பதவியைப் பறித்துவிட மாட்டார்கள்.

12 மணி நேர விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. 2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தை அதில் ஒன்று பிடித்துக்கொண்டது. ஒரு நாள் வேலை 8 மணி நேரம் என்றுதான் புதிய சட்டமும் சொல்கிறது. ஆனால் இடைவேளை எவ்வளவு, வேலை நேரம் மொத்தம் எத்தனை மணிக்குள் பரந்து கிடக்கலாம் என்பதை அரசாங்கம் அறிவிப்பு மூலம் சொல்லும். தனியார் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அரசாங்கம் என்பது மாநில அரசாங்கம்தான். மாநில அரசு வகுக்கும் விதிகள் சட்டசபையின் மேஜையில் வைக்கப்பட வேண்டும். மேஜையில் வைக்கும் காகிதத்தை எத்தனை உறுப்பினர்கள் புரட்டிப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். தெருமுனைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து "வேலை நேர விதியைப் படித்தீர்களா ஸார்?" என்று கேட்டுவிட்டால், அடுத்த தடவை புரட்டிப் பார்ப்பார்.

நல்ல காரியமும் சட்டசபையில் நடக்காமல் இல்லை. உணவும் பொருளும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்களுக்கும், செயலி மூலம் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கும் நல வாரியம் அமைக்கும் சட்டம் 2025-ல் கர்நாடகத்தில் வந்தது. முதலில் மே மாதத்தில் அவசரச் சட்டமாக வந்து, ஆகஸ்டு கூட்டத் தொடரில் மசோதாவாக நிறைவேறியது. அவர்களுக்குக் கொடுக்கும் கூலியைக் கணக்கிட்டு 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனங்கள் நல நிதிக்குக் கட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு ஓடும் தமிழ்ப் பிள்ளைகள் பெங்களூரில் நிறையப் பேர். பெயரைப் பதிவு செய்வது எங்கே, விபத்து நேர்ந்தால் யாரிடம் போவது என்று எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கோ ஞாயிறு மாலையில்தான் ஆர்டர் அதிகம்.

தங்க வயல் சொல்லும் பாடம்

மாநில சட்டசபையால் எது முடியும், எது முடியாது என்பதைக் கோலார் தங்க வயல் மக்களைப் போல அனுபவித்து அறிந்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

தமிழர்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ச் சுரங்கத்தில் இறங்கிய ஊர் அது. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியது. 1956-ல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. பிறகு மத்திய அரசின் கைக்குப் போய், 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற கம்பெனி ஆயிற்று. 2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. அப்பாவும் தாத்தாவும் பூமிக்குள் போன ஊரில், பிள்ளைகள் விடியற்காலையில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவு வீடு திரும்புகிறார்கள்.

அந்தத் தொகுதியில் 1980-களிலும் 1990-களிலும் அ.தி.மு.க.வும் இந்தியக் குடியரசுக் கட்சியும் ஜெயித்திருக்கின்றன. கர்நாடக அரசியலில் அபூர்வமான காட்சி அது. பின்னர் தேசியக் கட்சிகள் வந்தன. எந்தக் கட்சி எம்.எல்.ஏ. ஆனாலும், தொகுதிக்கு வந்தால் ஒரே கேள்வி: "சுரங்கம் எப்போது திறக்கும்? குவார்ட்டர்ஸ் எங்களுக்கு எப்போது சொந்தமாகும்?"

கம்பெனி மத்திய அரசுடையது. மூடுவதும் திறப்பதும், பாக்கித் தொகையும், குவார்ட்டர்சும் டெல்லியில் சுரங்க மந்திரிசபை இலாகாவின் கையில். பெங்களூர் விதான சவுதாவில் எம்.எல்.ஏ. எவ்வளவு உரக்கப் பேசினாலும், மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். ஆனால் மாநில அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதும் இல்லை. சுரங்கக் குத்தகைக்கு மாநிலத்தின் சம்மதம் வேண்டும். 2024 ஜூனில், சயனைடு மலை என்று மக்கள் சொல்லும் கழிவு மண் மேடுகள் 13-ல், சுமார் 1,000 ஏக்கர் பரப்பில் மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை ஒப்புதல் தந்தது. அந்த வேலையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடம் உண்டா, காற்றில் பறக்கும் தூசிக்கு என்ன பாதுகாப்பு என்று மாநில மந்திரியை எம்.எல்.ஏ. கேட்க முடியும். அது அவருடைய எல்லைக்குள் வருகிற விஷயம். "சுரங்கத்தைத் திறக்க வைப்பேன்" என்பது அப்படி அல்ல.

பணம் வந்த கதை

எம்.எல்.ஏ.க்கள் விரும்பிச் சொல்லும் இன்னொரு வாக்கியம், "நிதி வாங்கி வந்திருக்கிறேன்" என்பது. இதிலும் எந்த நிதி என்று பார்க்க வேண்டும்.

கர்நாடகத்தில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் உண்டு. எதிர்க்கட்சிக்காரருக்கும் உண்டு, வாயே திறக்காதவருக்கும் உண்டு. பஸ் நிழற்குடை, சமுதாயக் கூடம் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வருவதுதான். அதைச் சட்டசபையில் போராடி வாங்கியதாகச் சொன்னால் கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.

பட்ஜெட் பணம் வேறு. 2025 மார்ச் 7-ந் தேதி முதல்-மந்திரி சித்தராமையா தமது 16-வது பட்ஜெட்டைப் படித்தார். அதன் மொத்தம் 4 லட்சத்து 9 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அவ்வளவு பெரிய தொகையில் ஒரு பேட்டையின் சாக்கடைக்கு எவ்வளவு என்பதைக் கண்டுபிடிப்பது லேசான வேலை அல்ல. பட்ஜெட் உரையில் ஒரு திட்டத்தின் பெயர் வந்துவிட்டால் பணம் வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. இலாகாவாரியாக மானியக் கோரிக்கை வர வேண்டும்; சபை அனுமதிக்க வேண்டும்; நிதி இலாகா பணத்தை விடுவிக்க வேண்டும்; டெண்டர் விட வேண்டும். விவாதிக்க நேரம் இல்லாமல் பல மானியக் கோரிக்கைகளை ஒட்டுமொத்தமாக ஓட்டுக்கு விட்டு நிறைவேற்றுவதும் சட்டசபைகளில் வாடிக்கை. மாதக் கடைசியில் மளிகைக் கணக்கை வரி வரியாகச் சரிபார்க்கும் குமாஸ்தா வீட்டுக்காரர்களுக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

"பணம் அறிவிப்பில் இருக்கிறதா, விடுவித்தாகிவிட்டதா?" இந்த ஒரு கேள்வி போதும்.

எத்தனை நாள் கூடியது?

கர்நாடக சட்டசபை ஆண்டுக்குக் குறைந்தது 60 நாள் கூட வேண்டும் என்று 2005-ல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். சட்டம் போட்டவர்களே அதைப் பெரும்பாலான ஆண்டுகளில் கடைப்பிடிக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு கூட்டத் தொடராவது பெலகாவியில் நடப்பது வழக்கமாகி, அதற்கென 2012-ல் சுவர்ண விதான சவுதா என்ற பெரிய கட்டடமும் திறக்கப்பட்டது. கட்டடம் பெரிதாகத்தான் இருக்கிறது. கூச்சல், ஒத்திவைப்பு என்று போகும் நாட்களில் கேள்வி நேரம் பறிபோகிறது. தொகுதிக்காரர் ஆறு வாரத்துக்கு முன்பு எழுதிக் கொடுத்த பிரச்சினையும் அதோடு போகிறது. கம்பெனியில் மூன்று நாள் வராவிட்டால் சம்பளம் பிடிக்கிறார்கள். சபை நடந்த நாட்களில் எத்தனை நாள் வந்தீர்கள் என்று எம்.எல்.ஏ.விடம் கேட்க அந்தத் தொழிலாளிக்கு எல்லா நியாயமும் உண்டு.

மொழி ஒரு தடையா?

கேள்வி பதில்களும் நடவடிக்கைக் குறிப்புகளும் பெரும்பாலும் கன்னடத்தில்தான் இருக்கும். கர்நாடகத்தின் ஆட்சி மொழி கன்னடம் என்று 1963-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சபையில் பேசுவதற்கு ஒரு சலுகை உண்டு. சபையில் வழங்கும் மொழிகளில் சரியாகப் பேச இயலாத உறுப்பினர், சபாநாயகரின் அனுமதியோடு தாய்மொழியில் பேசலாம் என்று அரசியல் சட்டத்தின் 210-வது பிரிவு கூறுகிறது. தங்க வயல் போன்ற தொகுதிகளுக்காகவே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் தொகுதி மக்களுக்கு இந்தச் சலுகை உதவாது. அவர்கள் கையில் வரும் காகிதம் கன்னடம்தான்.

அதற்கு வழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இங்கே பிறந்து இங்கே படிக்கும் பிள்ளைகள் கன்னடத்தைப் பள்ளியில் படிக்கிறார்கள். சட்டசபைச் செயலகத்தின் இணையதளத்தில் கேள்வி பதில்கள் கிடைக்கின்றன. அப்பாவுக்கு எழுத்து தெரியாவிட்டாலும், எட்டாம் வகுப்புப் பெண் படித்துச் சொல்லிவிடுவாள். பேட்டைச் சங்கம் ஒன்று கூட்டத் தொடருக்குக் கூட்டத் தொடர் அப்படி நாலு பதில்களை எடுத்துத் தமிழில் எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டினால், எம்.எல்.ஏ. வருவதற்கு முன்பே தெருவுக்கு விஷயம் தெரிந்திருக்கும். பொங்கல் விழாவுக்கும் ஆடி மாதக் கூழுக்கும் வசூல் செய்கிற சங்கங்களுக்கு இது முடியாத காரியம் அல்ல.

எம்.எல்.ஏ. மூலமாகச் சபையில் மனு சமர்ப்பிக்கவும் வழி உண்டு. மனுக்களை விசாரிக்கத் தனிக் குழு இருக்கிறது. சபை கூடும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டத் தொடர் முடிந்து ஷாமியானா போட்ட பிறகு கொடுக்கிற மனு, அடுத்த கூட்டத் தொடர் வரை சட்டைப் பையில்தான் இருக்கும்.

பெயர் எந்த ஊரில்?

இவ்வளவும் கேட்பதற்கு ஒருவருக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. தொகுதியில் வசிக்கும் எல்லாருக்கும் அவர்தான் எம்.எல்.ஏ. ஆனால் நடைமுறை வேறு. கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு ஓட்டு இருக்கிறது என்று எம்.எல்.ஏ.வின் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். பதில் சொல்லும் பொறுமை அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வரும்.

பெங்களூரில் இருபது வருஷம் இருந்தும் பலருடைய பெயர் இன்னும் ஊர்ப் பட்டியலிலேயே இருக்கிறது. பஞ்சாயத்துத் தேர்தலில் சொந்தக்காரர் நிற்கிறார், ஓட்டுக்குப் போகாவிட்டால் மனஸ்தாபம் வரும் என்பது ஒரு காரணம். ஊர்ப் பிடிப்பு இன்னொரு காரணம். அது அவரவர் முடிவு. ஆனால் இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருக்க முடியாது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒருவருக்கு ஒரு தொகுதிதான் என்கிறது. பொய்த் தகவல் கொடுத்துப் பதிவு செய்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

இங்கேதான் வசிக்கிறோம் என்று முடிவு செய்தவர்கள், ஊர்ப் பட்டியலில் இருக்கும் பெயரை இங்கே மாற்ற 8-வது படிவம் கொடுக்க வேண்டும். இதுவரை எங்கும் பெயர் இல்லாதவர்களுக்கு 6-வது படிவம். சொந்த வீடு வேண்டும் என்பது இல்லை. வாடகை வீட்டில் சாதாரணமாகக் குடியிருந்தாலே போதும். அந்த விலாசத்துக்கு ஒரு ஆதாரம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுதித் தராத வீட்டுக்காரர்களால்தான் பலருக்குச் சிக்கல். பாங்கு பாஸ் புத்தகத்திலோ கியாஸ் கணக்கிலோ இப்போதைய விலாசம் இருந்தால் அதைக் காட்டலாம். வாக்குச் சாவடிக்கு ஒரு அலுவலர் நியமிக்கப்பட்டிருக்கிறார். பெரும்பாலும் பேட்டையில் உள்ள பள்ளி ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோதான். அவரிடமே படிவத்தைக் கொடுக்கலாம்.